சாரணத் தந்தை பேடன் பவல் பிரபு

கல்லூரி மணி அடித்து மாணாக்கர் வீடு திரும்பிய பின்னரும், விளையாட்டுத் திடலின் ஒரு மூலையிலே கயிறும் கோலும் ஏந்திய சிறுவர் சிலர் நடுவே நிற்கும் ஆசிரியரை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். அப்பணிக்கென அவர் தனி வேதனம் பெறுபவரல்லர். சனிக்கிழமை ஓய்வையும் விடுமுறை நாள்களையும் அதற்கே ஈந்துவிடுகின்றார். அவருள்ளத்திலே ஓயாது எழும் வினாக்கள் சில உள. எத்தனை சிறுவரைச் சேர்ப்பது? அடங்காதவனை அடக்குவது எங்ஙனம்? செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? பாசறையில் இடர் நேர்ந்தால் யார் பொறுப்பு? எல்லாவற்றினும் மேலாக, நாளை தமக்கு இடமாற்றம் வருமாயின் இக்குழு என்னாகும்? பல கல்லூரிகளிலே நன்கு நடந்த சாரணர் குழு, ஆசிரியர் ஒருவர் மாறிச் சென்றவுடன் ஒரு தவணைக்குள் கலைந்து போனதை அறியாதார் இலர்.

இவ்வினாக்களுக்கெல்லாம் விடை தேடியவர் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரபு. அவர் வாழ்க்கையை அவ்வினாக்களோடு சேர்த்து நோக்கின், சிறுவரை நடத்தும் பெரியோர் கற்கவேண்டிய பாடம் ஒன்று அதனுள்ளே தெளிவாகத் தோன்றும்.

இளமையும் கல்வியும்

றொபேட் ஸ்டீபன்சன் சிமித் பேடன் பவல் 1857 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 22 ஆந் திகதி இலண்டன் மாநகரிலே பிறந்தார். தந்தையார் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கேத்திரகணிதப் பேராசிரியராய் விளங்கிய பெரியார். புகையிரதப் பாதை அமைப்பிற் புகழ்பெற்ற பொறியியலாளர் றொபேட் ஸ்டீபன்சன் குழந்தையின் ஞானத்தந்தை. அவர் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. 1860 இல், மைந்தனுக்கு மூன்று வயதாயிருக்கையிலேயே தந்தையார் காலமானார். பல பிள்ளைகளைத் தனித்து வளர்க்கும் பொறுப்புத் தாயார் என்றியெற்றா அம்மையார் மீது விழுந்தது. மூத்த சகோதரரோடு படகோட்டியும், நாட்டுப்புறங்களிற் கால்நடையாய்த் திரிந்தும், திறந்த வெளியிலே உறங்கியும் சிறுவர் உலகறிவு பெற்றார். தமையன்மார் தலைவராகவும் தாம் ஏவல் செய்யும் இளையவராகவும் அமைந்த அக்கூட்டமே அவர் முதன்முதற் கண்ட அணி எனலாம்.

1870 இல் உதவிப்பணம் பெற்றுச் சாட்டர்ஹவுஸ் கல்லூரியிற் சேர்ந்தார். இரண்டாண்டின் பின்னர் அக்கல்லூரி இலண்டனை விட்டுக் கொடல்மிங் என்னும் ஊருக்கு மாறிற்று. புதிய கல்லூரியின் அயலிலே மாணவர் செல்லலாகாதெனத் தடுக்கப்பட்ட சிறு காடொன்று இருந்தது. அங்கே மறைந்து சென்று, முயல் பிடித்து, புகை வெளியே தெரியாவண்ணம் தீமூட்டிச் சமைத்து, தேடிவரும் ஆசிரியர் கண்ணிற் படாது ஒளிந்திருத்தல் அவருக்குப் பெருவிருப்பாயிருந்தது. நாடகத்திலும் உதைபந்தாட்டத்திலும் முன்னின்றார், பாடங்களிலோ இடைத்தரத்தினரே. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திலது. வகுப்பறையில் மந்தமெனத் தோன்றும் பிள்ளை மரத்தடியிலே கூர்மதியுடையவனாய் விளங்கக்கூடும் என்பதை அவர் நூல் வாயிலாகவன்றித் தம் அனுபவத்தாலேயே அறிந்தார்.

படைவாழ்வு

1876 இற் படைச்சேவைக்கான பொதுப்பரீட்சை எழுதிக் குதிரைப்படைப் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார். அதனால் 13 ஆம் ஹுசார் படையில் நேரே பதவி கிடைத்தது. இந்தியாவில் இலக்னோ நகரை அடைந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. பின்னர் தென்னாபிரிக்காவிலும் மேற்காபிரிக்காவிலும் பணிபுரிந்தார். எதிரியின் நிலையை மறைந்து சென்று அறிந்துவரும் ஒற்றுத் தொழிலில் அவருக்கு இயல்பாகவே நாட்டம் மிகுந்திருந்தது.

1897 இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து, மீரத்திலிருந்த குதிரைப்படை ஒன்றின் தலைமையை ஏற்றார். அங்கே அவர் மேற்கொண்ட புதுமுறை ஈண்டு நினைத்தற்குரியது. நூற்றுக்கணக்கானோரை ஒருங்கே நிறுத்திக் கட்டளையிடுவதை விடுத்து, வீரரை அறுவர் எழுவராகப் பிரித்து, ஒவ்வொரு சிறுகூட்டத்துக்கும் ஒருவனைத் தலைவனாக்கி, அவர்களைத் தாமாகவே வழிகண்டு திரும்பி வருமாறு காட்டுக்குள் அனுப்பினார். கட்டளைக்குக் காத்திருப்பவன் கட்டளை இல்லாத இடத்திற் கலங்குவான் என்பதும், பொறுப்பேற்றவன் தன் அறிவைத் தானே துணைக்கொள்வான் என்பதும் அவருக்குப் புலனாயின. தேர்ச்சி பெற்றோர்க்கு மூவிதழ் மலர்ச் சின்னம் அளித்தார். அதுவே பின்னர் உலகெங்கும் சாரணர் சின்னமாயிற்று.

இவ்வனுபவத்தைத் தொகுத்து அவர் எழுதிய படைநூல் 1899 இல் வெளிவந்தது. படைவீரர்க்கென எழுதிய அந்நூலை இங்கிலாந்திற் பள்ளி ஆசிரியர்கள் விரும்பிப் படிக்கத் தொடங்கினர். கல்வியாளர் சார்லட் மேசன் அம்மையார் அம்பிள்சைட் என்னுமிடத்தில் நடத்திய ஆசிரியைகள் பயிற்சிக் கல்லூரியில் அது பாடநூல்களுள் ஒன்றாயிற்று. போருக்கென எழுதிய நூலினுள்ளே கல்விக்கான வித்திருத்தலை நூலாசிரியர்க்கு முன்னரே ஆசிரியர் குலம் கண்டுகொண்டது.

மபெக்கிங் முற்றுகை

1899 ஒக்டோபரிற் போயர் யுத்தம் மூண்டது. தென்னாபிரிக்காவின் மபெக்கிங் என்னும் சிறு நகரைக் காக்கும் பொறுப்பு பேடன் பவலிடம் இருந்தது. 217 நாள் நீடித்த முற்றுகை 1900 மே 17 ஆந் திகதி நீங்கியது. அவர் பெயர் பிரித்தானிய மக்கள் நாவிலெல்லாம் நின்றது.

வீரப்புகழினும் நமக்கு வேண்டிய செய்தி வேறொன்று. ஆட்கள் குறைந்திருந்தமையால், அவருடைய துணையதிகாரி எட்வேட் செசில் பிரபு நகரத்துச் சிறுவரைத் திரட்டி ஓர் அணியாக்கினார். குட்இயர் என்னும் சிறுவன் அவர்க்குத் தலைவன். செய்தி கொண்டு செல்லுதல், காவற்பணி ஆகியவற்றை அச்சிறுவர் செய்தனர். துவிச்சக்கர வண்டியேறிக் குண்டு விழும் வீதிகளிலும் சென்றனர். மெய்யான பணியை மெய்யாகவே நம்பி ஒப்படைத்தாற் சிறுவர் ஆண்மையோடு அதனை முடிப்பர் என்னும் உண்மை அவர் உள்ளத்திற் பதிந்தது.

பிறவுண்சித் தீவு

தாயகம் திரும்பிய தளபதி, தம்முடைய படைநூலைச் சிறுவர் பலர் கையிற் கண்டு வியந்தார். 1904 இற் கிளாஸ்கோ நகரிற் சிறுவர் படையணியின் அணிவகுப்பைப் பார்வையிட்டபோது, அதன் நிறுவுநர் வில்லியம் சிமித் அந்நூலைச் சிறுவர்க்கேற்ப மாற்றி எழுதுமாறு வேண்டினார். எழுதுவதற்கு முன் செய்து பார்த்தல் வேண்டுமென அவர் கருதினார்.

1907 ஆம் ஆண்டு ஓகஸ்டு முதல் வாரத்தில், பூல் துறைமுகத்திலுள்ள பிறவுண்சித் தீவிலே ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு பாசறை அமைத்தார். செல்வர் பயிலும் கல்லூரிகளிலிருந்து ஒரு பகுதியினரும், தொழிலாளர் குடும்பங்களிலிருந்து ஒரு பகுதியினரும் வந்தனர். செலவுக்கென முன்னையோர் ஒரு பவுணும், பின்னையோர் மூன்றரைச் சிலிங்கும் செலுத்தினர். உணவும் உறக்கமும் விளையாட்டும் எல்லோர்க்கும் ஒன்றே. ஓநாய், காளை, கோட்டான், காகம் என்னும் பெயர்களில் நான்கு அணிகள் வகுக்கப்பட்டன. ஒவ்வோர் அணியிலும் மூத்த சிறுவன் ஒருவன் தலைவன். இரவுதோறும் ஓரணி முறைவைத்துப் பாசறைக்கு அப்பாற் சென்று, தன்னுணவைத் தானே சமைத்துக் காவல் காத்தது. காலையில் ஆபிரிக்கக் கொம்பூதி எழுப்புவதும், இரவிற் பாசறைத் தீயைச் சூழ்ந்திருந்து கதை கூறுவதும் தளபதியின் பணிகள். அணித்தலைவனிடம் ஒப்படைத்த பின்னர் அவர் இடையிடையே சென்று குறுக்கிட்டிலர். பாசறை எளிதில் நடந்தமைக்கு அதுவே காரணமெனக் கண்டார்.

நூலும் குழுக்களும்

1908 சனவரி முதல் அவருடைய சாரண நூல் பதினைந்து நாளுக்கொரு பகுதியாக ஆறு பகுதிகளாய் வெளிவந்தது. அப்போது நிகழ்ந்தது அவரும் எதிர்பாராத ஒன்று. ஏற்கெனவே இருந்த சங்கங்களுக்கு உதவியாகட்டும் என்றே அவர் எழுதினார். சிறுவரோ நூலை வாங்கி, தெருத்தெருவாகத் தாமே அணி சேர்த்து, பின்னர் தம்மை நடத்துமாறு பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்றனர். சாரண ஆசிரியர் சிறுவரைத் தேடிப் பிடிக்கவில்லை. சிறுவரே ஆசிரியரைத் தேடிப் பிடித்தனர். பெரியவர் அவ்வியக்கத்தில் விருந்தினராய் அழைக்கப்பட்டவர் என்பதை இன்றும் நாம் மறத்தலாகாது.

1909 செப்தெம்பரில் இலண்டன் பளிங்கு மாளிகையிற் பதினோராயிரம் அளவினரான சாரணர் கூடினர். அழைப்பின்றியே சிறுமியர் சிலரும் சாரண உடையில் வந்து நின்றனர். அடுத்த ஆண்டில், சகோதரி அக்னெஸ் அம்மையாரின் துணையோடு பெண் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. 1910 இற் படைப்பதவியைத் துறந்து, எஞ்சிய வாழ்நாளை இளைஞர்க்கே உரிமையாக்கினார். 1912 இல் அவர் மணந்த ஒலேவ் அம்மையார் பின்னர் உலகப் பெண் சாரணியர் தலைவியாய் விளங்கினார். அண்ணன்மாரைப் பின்தொடர்ந்து வந்து நின்ற சிறுபிள்ளைகளுக்கென 1916 இற் குருளைச் சாரணர் நூல் எழுந்தது; கிப்ளிங் இயற்றிய காட்டுக்கதை அவர்தம் விளையாட்டுக்கு அடிப்படையாயிற்று. வளர்ந்த இளைஞர்க்கெனத் திரிசாரணர் பிரிவு தோன்றிற்று. எட்டு வயதினனுக்கும் பதினெட்டு வயதினனுக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது என்னும் நடைமுறை உண்மையே இப்பிரிவுகளின் காரணம்.

சாரண ஆசிரியரின் வினாக்கள்

இயக்கம் பெருகப் பெருக நாடெங்கிலுமிருந்து ஆசிரியர்களின் வினாக்கள் அவரை வந்தடைந்தன. அவற்றுக்கு அவர் கண்ட விடைகளுட் பல 1919 இல் எழுந்த சாரண ஆசிரியர் கைந்நூலில் உள்ளன.

ஒரு குழுவில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு, முப்பத்திரண்டுக்கு மேற்படாதிருத்தல் நலம் என்றார். இத்தொகைக்கு அவர் காட்டிய காரணம் சுவையானது. தம்மாற் பதினாறு சிறுவரை மாத்திரமே தனித்தனி அறிந்து பழக்க முடிந்ததெனவும், மற்றையோர் தம்மினும் இருமடங்கு திறமையுடையோர் எனக் கொண்டு அதனை இரட்டித்ததாகவும் கூறினார். பிள்ளையின் பெயரும் வீடும் விருப்பும் அறியாதவர் அவனைப் பயிற்றல் இயலாது என்பதே உட்கருத்து.

அடங்காத சிறுவன்பால் அவர் பிரம்பை நாடினாரல்லர். சாரணர் விதிகள் செய்யத்தக்கனவற்றைக் கூறுவன. செய்யற்க என்று அடுக்குவன அல்ல. குறும்பனை அணித்தலைவனாக்கிப் பாருங்கள் என்பது அவர் முறை. தீச்சொல் கூறியவன் சட்டைக் கையினுள்ளே குளிர்ந்த நீர் ஒரு குவளை ஊற்றுதலே தொடக்ககாலக் குழுக்களிலிருந்த பெருந்தண்டனை. தளபதியாயிருந்தும், சிறுவரை நாள்முழுதும் படைநடை பயிற்றுதலை அவர் விரும்பவில்லை. அது தனியாள் இயல்பை அழுத்திவிடும் எனக் கருதினார்.

சின்னம் வழங்குவதில், தேர்ச்சியின் அளவைமட்டும் நோக்காது முயற்சியின் அளவையும் நோக்குக என்றார். மெலிந்த பிள்ளையும் உடற்குறையுள்ள பிள்ளையும் சாரணராய் நிமிர்ந்து நிற்க இவ்விதி வழிசெய்தது. பணம் வேண்டுமாயின் இரந்து பெறாது உழைத்துப் பெறுக என்றார். சமயத்தில் எந்த ஒரு பிரிவையும் பிறர்மீது திணியாது, ஒவ்வொருவனும் தன் சமயத்தைக் கைக்கொண்டு நடத்தல் வேண்டும் என்றார்.

இவ்விடைகள் யாவற்றுக்கும் அச்சாணி அணிமுறையே. ஆறு அல்லது எட்டுப் பேர் கொண்ட அணி, அதற்கொரு தலைவன், அத்தலைவர்கள் கூடிக் குழுவின் காரியங்களை முடிவுசெய்யும் மன்றம் என்னும் இம்மூன்றும் இல்லாத இடத்திற் சாரணர் உடை இருக்கலாம், சாரணம் இராது. இம்முறையை விளக்கி 1914 இல் நூல் எழுதிய றோலண்ட் பிலிப்ஸ் என்னும் இளைஞர், 1916 இற் சொம் போர்க்களத்தில் இருபத்தாறாம் வயதில் உயிர்நீத்தார். அவர் நூல் பல தலைமுறை ஆசிரியர்க்கு வழிகாட்டிற்று. இன்னார் இச்செயற்கு உரியார் என ஆராய்ந்து, தெளிந்தபின் அவரிடமே விட்டுவிடுதலை வற்புறுத்தத் தெய்வப்புலவர் தெரிந்துவினையாடல் என ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ? அரசர்க்கு அவர் வகுத்த நெறி ஆசிரியர்க்கும் பொருந்தும்.

நம்பி விடுதல் என்பது கைவிடுதல் அன்று. 1912 ஓகஸ்டு 4 ஆந் திகதி, இலண்டனிலிருந்து பாசறைக்குப் படகிற் சென்ற சிறுவர், ஷெப்பி தீவின் லேஸ்டவுண் கரையருகே திடீர்ச் சூறையிற் சிக்கினர். படகு கவிழ்ந்து ஒன்பது சிறுவர் மாண்டனர். பெரியோர் உடனிருந்தும், சிலரை மீட்டும், தாய்மார் பலர் மைந்தரை இழந்தனர். நாடே துயருற்றது. கடலும் குளமும் காடும் நம் பிள்ளைகளுக்கும் உரியன. அவற்றிடம் அவர்களைக் கொண்டு செல்லும் பெரியவர் நீச்சலறிவு, வானிலை, கலத்தின் தகுதி, முதலுதவி, பெற்றோர் சம்மதம் ஆகியவற்றை முன்னரே ஆராய்தல் தம் தலையாய கடன் எனக் கொள்ளல் வேண்டும். அணித்தலைவனிடம் ஒப்படைக்கலாகாத பொறுப்பு இது ஒன்றே.

கில்வெல் பயிற்சிக் கழகம்

நல்லுள்ளம் மட்டும் ஆசிரியரை ஆக்காது, பயிற்சியும் வேண்டும். முதலாம் உலக யுத்தத்தில் இளம் சாரண ஆசிரியர் பலர் மடிந்த பின்னர் இத்தேவை பெரிதும் உணரப்பட்டது. அன்பர் ஒருவரின் கொடையாற் பெற்ற கில்வெல் சோலையில் 1919 செப்தெம்பரில் முதற் பயிற்சி நடந்தது. பயின்றோர் 19 பேர். அவர்களைச் சிறுவர்போலவே அணிகளாய்ப் பிரித்து, அவர்களே சமைத்து அவர்களே கூடாரமடிக்கச் செய்தனர். பிள்ளை படும் பாட்டைத் தாமும் பட்டறிந்தவரே பிள்ளையை நடத்தத் தக்கவர் என்பது கருத்து. தேறியோர்க்குத் தோல்வாரிற் கோத்த மரமணிகள் அளிக்கப்பட்டன. சூலு மன்னர் டினிசூலுவின் மாலையிலிருந்து எடுத்தவை எனக் கூறப்படும் மணிகளே முதலில் வழங்கப்பட்டவை.

கிழக்கு நாடுகளில்

இலங்கையில் 1912 இல், மாத்தளைக் கிறித்து தேவாலயக் கல்லூரியில், ஸ்டீவன்ஸ் என்பவர் முதற் சாரணர் குழுவைத் தொடங்கினார். அயல்நாடான இந்தியாவிலோ, தொடக்கத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கு இயக்கத்தில் இடமளிக்கப்படவில்லை. அதனைப் பொறாத அன்னி பெசன்ட் அம்மையார், முதலாம் உலக யுத்த காலத்திற் சென்னையிலே தனிச் சாரணர் சங்கம் நிறுவினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை அணிந்து, நாட்டுப் பாடல்களைப் பாடி அச்சாரணர் இயங்கினர். 1921 இற் பேடன் பவல் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு வந்தபோது அச்சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. உடை வேறாயினும் உணர்வு ஒன்றாகலாம் என்பது நிலைபெற்றது.

புகழும் குறையும்

1920 இல் இலண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் நடந்த முதலாவது உலக ஜம்போரியில், கூடியிருந்த சாரணர் அவரை உலகப் பிரதம சாரணராக ஆரவாரித்தனர். 1929 ஜம்போரியின்போது பிரபுப் பட்டம் கிடைத்தது. கில்வெல் பெயரையே தம் பட்டத்தோடு இணைத்துக் கொண்டார்.

பெரியோரின் குறைகளை மறைத்தல் வரலாறாகாது. 1896 இல், மற்றபெலே போரிற் சிறைப்பட்ட ஊவினி என்னும் தலைவனைப் படைநீதிமன்றத்தில் நிறுத்திச் சுடச்செய்தார். விசாரணை அவரைக் குற்றமற்றவரெனத் தீர்த்ததாயினும், அச்செயல் இன்றும் கண்டிக்கப்படுகின்றது. மபெக்கிங்கில் வெள்ளையர்க்குக் கிடைத்த உணவு ஆபிரிக்க மக்களுக்குக் கிடைக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் குறைகூறுவர். 2020 இற் பூல் துறையிலுள்ள அவர் சிலையை அகற்றுவது பற்றிப் பெரும் வாதம் எழுந்து, அதனைப் பலகையால் மூடிவைக்கவும் நேர்ந்தது. பேரரசின் படைவீரராய்ப் பிறநாட்டாரை அடக்கப் போனவர், பின்னாளில் எல்லா நாட்டுச் சிறுவரும் உடன்பிறந்தார் என்னும் விதியை வகுத்தார். இரண்டும் அவர் வாழ்வே. இரண்டையும் மாணவர்க்குச் சொல்லுதலே நேர்மை.

இறுதி நாள்கள்

1937 இல் ஒல்லாந்தில் நடந்த ஜம்போரியில், எண்பது வயது முதியவராய்ச் சாரணரிடம் விடைபெற்றார். 1938 இற் கெனியா நாட்டின் நையேரி என்னுமூரிற் சிறுவீடொன்றில் மனைவியாரோடு அமைந்தார். தம் கையால் வளர்ந்த இயக்கம் பிறர் கையில் நடப்பதைத் தொலைவிலிருந்து கண்டு, ஓவியம் வரைந்து, வனவிலங்குகளை நோக்கி மகிழ்ந்திருந்தார். அணித்தலைவனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்க எல்லோர்க்கும் கற்பித்தவர், தம் முறை வந்தபோது தாமும் அவ்வாறே செய்தார். 1941 சனவரி 8 ஆந் திகதி அங்கேயே உயிர்நீத்தார். வட்டத்தின் நடுவே புள்ளியிட்ட குறி அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. வீடு திரும்பினேன் என்பது அச்சாரணக் குறியின் பொருள்.

அப்போது உலக யுத்தம் மூண்டிருந்தது, நிறுவுநரும் மறைந்தார். ஆயினும் இயக்கம் கலைந்திலது. இன்று ஐந்து கோடிக்கு மேற்பட்டோர் அதிற் பயில்கின்றனர். தலைவர் மாறியவுடன் ஏன் கலையவில்லை என ஆராய்வார்க்கு விடை அணிமுறையிலேயே கிடைக்கும்.

ஆகவே, சாரண ஆசிரியராய்ப் பணிபுரியும் அன்பர்களே! உங்கள் குழுவின் தகுதியை அறிய விரும்பின், ஒரு சனிக்கிழமை வேண்டுமென்றே காலந்தாழ்த்திச் செல்லுங்கள். நீங்கள் வருமுன்னரே அணித்தலைவர்கள் வேலையைத் தொடங்கியிருப்பின், இடமாற்றக் கடிதம் வந்தாலும் அஞ்சவேண்டியதில்லை. தொடங்காது காத்திருப்பின், அடுத்த வாரம் முதல் ஒவ்வொரு பொறுப்பாக அவர்களிடம் விட்டுப் பழகுங்கள். பழைய மாணவர்களே! முடிச்சும் முதலுதவியும் நீங்கள் கற்ற கல்லூரித் திடல் இன்னும் உள்ளது. மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை அங்கு வந்து ஈவீராயின், அதனினும் சிறந்த விழாக்காணிக்கை வேறில்லை. மாணவர்களே! உங்களை நம்பி ஒப்படைக்கப்படும் சிறு பணியையும் சிறியதென எண்ணாது முடியுங்கள். பேடன் பவல் பிரபுவின் வாழ்க்கை நம் மூவர்க்கும் உணர்த்துவது இதுவே.